யாருக்குத் தெரியாத அருவி?

சென்ற ஓராண்டில் என் கைக்கு வந்த சிறுபத்திரிகைகளில் மட்டும் நான்கு கட்டுரைகள், அதிகம் அறியப்படாத ஏதோ ஒரு காட்டருவிக்குப் போய்வந்ததைப் பற்றி. கவிதைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எழுதிய நால்வரும் வேறு வேறு ஊர்க்காரர்கள்; ஒருவரை ஒருவர் படிக்காதவர்கள், படித்தாலும் ஒப்புக்கொள்ளாதவர்கள். ஆனாலும் நான்கும் ஒரே கட்டுரைதான். நகரத்து அலுப்பில் ஆரம்பிக்கிறது. நண்பரின் கார் வருகிறது. ஓரிடத்தில் சாலை முடிந்து நடை தொடங்குகிறது. 'உள்ளூர்க்காரர் ஒருவர்' வழிகாட்ட வருகிறார். அவருக்குப் பெயர் கிடையாது, மூன்றாவது பத்திக்குப் பிறகு ஆளே கிடையாது. ஒரு திருப்பத்தில் ஓசை கேட்கிறது. அப்புறம் அருவி. அதன் முன்னால் மொழி தோற்றுப்போகிறது என்று அறிவித்துவிட்டு ஆசிரியர் மேலும் ஆறு பக்கம் எழுதுகிறார். முடிவில், இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்று பெருந்தன்மையான ஒரு வரி.

இவற்றின் நடையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நால்வரில் இருவர் நன்றாகவே எழுதக்கூடியவர்கள். என் சண்டை 'அறியப்படாத' என்கிற அந்த ஒரு சொல்லோடு.

பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினை என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான் இது. செய்தவன் யார் என்பதைச் சொல்லாமல் நழுவுவதற்கு மொழி வைத்திருக்கிற பின்வாசல். அறியப்படாத என்றால் யாரால் அறியப்படாத? தேனெடுக்கப் போகும் பளியர்களாலா? காப்பித் தோட்டத்தில் களை பறிக்க வரும் கூலிப்பெண்களாலா? வனக்காவலராலா? தவறிப்போன மாட்டைத் தேடிப் போகிறவனாலா? இவர்கள் எல்லோருக்கும் அந்த அருவி தெரியும். அதன் பெயர் தெரியும். எந்த மாதத்தில் வற்றும் என்று தெரியும். யார் அதில் விழுந்து செத்தார்கள் என்பதும் தெரியும். அப்படியானால் மிச்சமிருக்கிற பொருள் ஒன்றுதான்: என்னாலும் என்னைப் போன்ற இருநூறு பேராலும் அறியப்படாத. அறியாமை அறியாதவனுடைய குணம். அதை எடுத்து அருவியின் தலையில் வைத்து, அருவியின் சிறப்பாக்கி, பிறகு அதைக் கண்டுவந்த தன்னுடைய சிறப்பாகவும் ஆக்கிக்கொள்கிற வித்தை நடக்கிறது. வித்தைக்காரனுக்கே தெரியாமல் நடக்கிற வித்தை என்பதால்தான் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. ஒரு அருவியை வைத்துக்கொண்டு பேசலாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற பஸ், டம்டம் பாறைப் பக்கம் வரும்போது, பள்ளத்தாக்குக்கு அப்பால் மலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். தலையாறு அருவி. உயரம் 297 மீட்டர், அதாவது 975 அடி. தமிழ்நாட்டில் இதைவிட உயரமானது இல்லை என்கிறார்கள். அதன் தண்ணீர் மஞ்சளாற்றில் சேர்ந்து, கீழே தேவதானப்பட்டிப் பக்கம் அணையில் தேங்கி, வைகைக்குப் போகிறது. அருவியின் தலைக்கும் சாலை கிடையாது, அடிக்கும் சாலை கிடையாது. ஆக, லட்சக்கணக்கான பேர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த அருவி; மிகச் சிலரே போன அருவி. இது அறியப்பட்டதா, அறியப்படாததா?

இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. தலையாறு என்பது ஒன்று. எலிவால் அருவி என்பது மற்றது. எலிவால் என்று பெயர் வைத்தவன் சாலையிலிருந்து பார்த்தவன். அங்கிருந்து பார்த்தால் அது எலிவால்தான், மெலிந்து, வெளுத்து, நுனியில் லேசாக வளைந்து. பார்த்ததைப் பார்த்த தூரத்திலிருந்தே சொல்லிவிட்டான். பிரபஞ்சம், மோனம் என்றெல்லாம் கூட்டிக்கொள்ளவில்லை. நம்மிடையே படிமம் என்ற சொல் புழங்க ஆரம்பித்த இந்த அறுபது எழுபது ஆண்டுகளில் எழுதப்பட்ட அருவிக் கவிதைகளில் பெரும்பாலானவற்றை நான் இந்த ஒரு பெயருக்குக் கொடுத்துவிடுவேன். தலையாறு என்ற பெயரிலோ அருவியே இல்லை, ஆறுதான் இருக்கிறது. ஒன்று எதிர்மலையில் நின்றவனுடைய சொல்; மற்றது தண்ணீரைத் தண்ணீராகப் பார்த்தவனுடைய சொல். இரண்டும் நாணயமான பெயர்கள். நம் கட்டுரைகளில் இல்லாதது இந்த நாணயம்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். அந்த நான்கு கட்டுரைகளுக்கு முன்னால் ஐந்தாவதாக ஒன்று உண்டு. எழுதியவன் நான்.

2011 நவம்பரில், பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, நண்பர்கள் மூன்று பேராகத் தலையாற்றுக்குப் போனோம். பெருமாள்மலைக்குக் கீழே காப்பித் தோட்டங்கள் வழியாக இறங்கி, ஓடையைப் பிடித்துக்கொண்டு, அருவி விழுகிற விளிம்புக்கு. தோட்டத்தில் காவல் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கூட வந்தார். திரும்பி வந்து நான் எழுதிய கட்டுரை, இரண்டே இதழோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் வந்தது. பாராட்டி மூன்று கடிதங்கள் வந்தன. அந்த வயதில் மூன்று கடிதம் ஒரு ஆளைக் கெடுக்கப் போதும். போன மாதம் பழைய காகிதங்களைக் கட்டும்போது அதை எடுத்துப் படித்தேன். அந்த அவஸ்தையில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையில் மனித வாடையே இல்லாத அடர்வனம் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. உண்மையில், விளிம்புக்கு அரை பர்லாங் முன்னால் மூன்று கல் கூட்டிய அடுப்பும் சாம்பலும் இருந்தன. ஒரு மரத்தில் கிழிந்த சேலைத் துணிகள் கட்டியிருந்தன. அதன் அடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய அகல் ஒன்று. பெரியவர் அங்கே நின்று, "இதுக்கு மேல செருப்பு வேணாம் தம்பி" என்றார். கழற்றினோம். கட்டுரையில் நான் செருப்பைக் கழற்றுகிறேன். ஆனால் இயற்கையின் சந்நிதியில் தானாகவே எழுந்த ஒரு உந்துதலால் கழற்றுகிறேன். பெரியவர் சொன்னார் என்பது இல்லை. அடுப்பு இல்லை. சேலை இல்லை. அகல் இல்லை.

இதைவிடப் பெரிய பொய் ஒன்றும் இருக்கிறது. வானிலிருந்து இறங்கும் வெண்தூண் என்று அருவியை இரண்டு பத்தி வர்ணித்திருக்கிறேன். அருவியின் தலைமாட்டில் நிற்கிறவனுக்கு அருவி தெரியாது. ஓடை பாறைமேல் வருகிறது, விளிம்பில் மடங்குகிறது, அவ்வளவுதான், பிறகு காற்று. எதிரே கீழ்நாட்டு வயல்களும் அணையின் தகடும் தெரியும். தவழ்ந்து எட்டிப் பார்க்கலாம் என்றால் பெரியவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆகவே அந்த வெண்தூண் நான் அங்கே பார்த்ததல்ல. பஸ் ஜன்னலிலும் படத்திலும் பார்த்தது. நாலு மணி நேரம் நடந்து, முழங்கால்வரை அட்டைக்கு ரத்தம் கொடுத்து, போய்ச்சேர்ந்த இடத்தைப் பற்றி நான் எழுதியது, போகாதவனுக்கும் தெரிந்திருந்ததை. பெரியவர் வழியிலேயே கேட்டார்: "ரோட்டுலருந்தே நல்லாத் தெரியுமே, இங்க எதுக்கு தம்பி வந்தீங்க?" அந்தக் கேள்வியும் கட்டுரையில் இல்லை. அதற்கு என்னிடம் பதில் இருந்திருந்தால் கட்டுரை வேறாக இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? நான் பொய்யன் என்பதால் மட்டும் இல்லை. போவதற்கு முன்பே அநுபவம் தயாராக இருந்தது. மூன்று வருஷம் வேர்ட்ஸ்வொர்த் படித்திருந்தேன். இயற்கையின் முன்னால் என்ன உணரவேண்டும், எந்த வரிசையில் உணரவேண்டும், எந்த இடத்தில் தன் இளமைப்பருவத்தை நினைத்துக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தது. ஆனால் அந்த மனிதரிடமிருந்து எடுக்கவேண்டியதை எடுக்கவில்லை. 1798இல் அவர் எழுதிய டின்டர்ன் மடாலயக் கவிதையின் தலைப்பைப் பாருங்கள்: மடாலயத்துக்குச் சில மைல் மேலே, வை நதிக் கரைக்குத் திரும்பப் போனது, ஜூலை 13 என்று, இடமும் நாளும் முகவரி மாதிரி தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய பரவசத்தை நாம் இறக்குமதி செய்துகொண்டோம், முகவரியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

அவருடைய தங்கை டாரதி இன்னும் ஒரு படி மேல். 1803இல் அண்ணனும் கோல்ரிட்ஜும் அவளும் ஸ்காட்லாந்தில் பயணம் போனார்கள். கிளைடு ஆற்றில் கோரா லின் அருவிக்கு எதிரே கோல்ரிட்ஜ் நிற்கும்போது, பக்கத்தில் வந்த ஒரு கனவான் அருவியைக் கம்பீரமானது என்கிறார். கோல்ரிட்ஜுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். ஏனென்றால் கம்பீரம், உன்னதம் முதலிய சொற்களின் நுட்பமான வேறுபாட்டைப் பற்றித்தான் முந்தின நாள் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தார். ஆமாம், சரியான சொல் என்று ஆமோதிக்கிறார். உடனே அந்தக் கனவான், உன்னதமும் அழகும்கூட என்று சேர்த்துவிடுகிறார். கோல்ரிட்ஜ் பதில் பேசமுடியாமல் நண்பர்களிடம் வந்து விழுந்து விழுந்து சிரித்தார் என்று டாரதி எழுதுகிறாள். இந்தக் கதை பின்னால் ஒரு பாடப்புத்தகத்தில் திரிந்து, அதிலிருந்து சி.எஸ். லூயிஸ் 1943இல் எழுதிய நூலுக்கு வரும்போது, உன்னதம் என்றவர் ஒருவர், அழகு என்றவர் இன்னொருவர், கோல்ரிட்ஜ் முதல்வரை மெச்சி இரண்டாமவரை வெறுத்தார் என்று ஆகிவிட்டது. ரசனை உள்ளவன், ரசனை இல்லாதவன் என்ற பிரிவினையாக. நமக்குப் பிடித்த பிரிவினை. ஆனால் டாரதி சொன்னதில் ஆள் ஒருவர்தான். சரியான சொல்லைச் சொன்னவரே அடுத்த மூச்சில் அதை இரண்டு சொல்லால் கெடுத்தார். நம் கட்டுரைகளின் நோய் அந்த இரண்டாவது மூச்சு.

இந்த நோய்க்குத் தமிழ் மருந்து ஒன்று கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். நீர்வீழ்ச்சி என்பது ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு, நம்முடையது அருவி, ஆகவே அருவி என்றே எழுதவேண்டும் என்கிறார்கள். சரி, எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் சொல்லை மாற்றிவிட்டுப் பார்வையை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன ஆயிற்று? அருவி என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் கன்னிநிலம், மனிதக் காலடி படாத பூமி என்று எழுதுகிறார்கள். கொடைக்கானலில் நண்பர்கள் மோனத்தில் ஆழ்ந்துபோகிற பைன் காடு ஆட்கள் நட்டது. யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டவை. பழனி மலையின் மேல்தளத்தில் இயற்கையாக இருந்தவை புல்வெளியும் சோலைக்காடும். 1973க்கும் 2014க்கும் இடையில் அந்தப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று, செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். புல்லும் சோலையும்தான் மழையைப் பிடித்துவைத்து, மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுபவை. அருவி என்பது மேலே இருக்கிற நிலத்தின் விளைவு. மேலே என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல், விழுகிற இடத்தில் நின்று கண்ணீர் விடுகிறவனை இயற்கைப் பிரியன் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவன் தன்னுடைய கண்ணீருக்குப் பிரியன்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்றால், இருக்கிறது. பழம்பெருமை பேச வந்துவிட்டான் என்று நம்மவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. மேடைக்காரர்கள் பேசிப் பேசி அலுத்துப்போன சமாசாரங்கள் என்று சங்க நூல்களை நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மேடைக்காரர்களும் அவற்றைப் படிக்கவில்லை என்பது நமக்குச் சௌகரியமாக மறந்துவிடுகிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு அங்கே போகும் வழியைச் சொல்கிறான். மலையும் காடும் அருவியுமான வழி. பரவசப்பட இடம் உண்டு, படுகிறான். ஆனால் முதலில் என்ன சொல்கிறான்? பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, விடிந்த பிறகு போங்கள். பாம்பு கிடக்கும் குழிகள் உண்டு, பார்த்து நடங்கள். புனங்காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், ஒதுங்கிப் போங்கள். பாசி படர்ந்து வழுக்கும் இடம் உண்டு, பிடித்துக்கொண்டு கடங்கள். இதுதான் கவிதை. நூலின் பெயரே மலையில் எழும் ஓசைகளைக் குறித்து வந்தது. அந்த ஓசைகள் என்னென்ன என்று பட்டியல் போடும்போது, அருவியில் ஆடும் வானமகளிரின் ஓசையோடு, புலி பாய்ந்த கணவனின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டும், தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டும், சேம்பும் மஞ்சளும் காப்பவர்கள் பன்றியை விரட்ட அடிக்கும் பறையும் சேர்ந்து வருகின்றன. மனித வாடையில்லாத மலை என்ற ஒன்று அந்தக் கவிஞனுக்குத் தெரியாது.

அதில் ஒரு இடம். வழி பிரிகிற கவர்களில், பின்னால் வரும் புதியவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்துவைத்துப் போங்கள் என்கிறான். என்னைப் பொறுத்தவரை எழுத்து என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் நான் படித்த ஆங்கில விமர்சனத்தில் கிடைக்கவில்லை. முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்காகக் குனிந்து ஒரு புல்லை முடிகிறான். வருகிறவன் யார் என்று தெரியாது. தன்னைப் பாராட்டுவானா என்று தெரியாது. நம் கட்டுரையாளன் செய்வது நேர் எதிர். போன வழியை அழித்துக்கொண்டே திரும்பி வந்து, நான் போன இடம் உனக்குத் தெரியாது என்கிறான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தாண்டிப் போய்விட முடியாது. இடத்தைச் சொன்னால் கூட்டம் வரும், பாட்டில் வரும், பிளாஸ்டிக் வரும், அருவி நாறிப்போகும். உண்மை. ஆனால் கூட்டத்தை அழைத்து வருவது எது? வழுக்கும், அட்டை கடிக்கும், அனுமதி வேண்டும், விளிம்பில் நின்றால் ஒன்றும் தெரியாது என்று எழுதுகிற கட்டுரையா? பெயர் சொல்லாமல் சொர்க்கம் என்று மட்டும் எழுதுகிற கட்டுரையா? பெயரை மறைப்பதால் ஆசை மறைவதில்லை, கூர்மையாகிறது. கைப்பேசியில் பத்து விநாடிப் படம் எடுத்துப் போடுகிறவனும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறான்: அறியப்படாத அருவி. சுற்றுலா விளம்பரத்திலும் இதே சொல்தான். 2024இல் அரசாங்கமே நாற்பது மலைநடை வழித்தடங்களை அறிவித்து முன்பதிவு தொடங்கிவிட்டது. அதையாவது ஒழுங்கு என்று சொல்லலாம், ஆளும் வழியும் கணக்கில் இருக்கின்றன. வணிகப் பத்திரிகையின் சரக்கு என்று நாம் எதை ஏளனம் செய்கிறோமோ அதன் விற்பனைச் சொல்லை, விலைச்சீட்டை மட்டும் கிழித்துவிட்டு, இலக்கியம் என்று அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, இது ரசனைத் தகராறுதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு தேதிகள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். மாசி பங்குனியில் மலைப்புல் காய்ந்து கிடக்கும், தீ பிடித்தால் காற்று எந்தப் பக்கமும் திருப்பும், சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் என்பது அந்த மலைகளில் மாடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். அடுத்தது 2024 மே 17, பழைய குற்றாலம். காட்டுக்குள் பெய்த மழை திடீர் வெள்ளமாக அருவியில் இறங்கி, குளித்துக்கொண்டிருந்தவர்களில் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. நம் எழுத்தால் இவர்கள் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பேர் நம்மைப் படிப்பதில்லை. ஆனால் மலையைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக எழுதிய நாம், மூடுபனியை எழுதினோம், அந்தியை எழுதினோம், தனிமையை எழுதினோம். காய்ந்த புல்லை எழுதவில்லை, ஓடையின் சத்தத்தை எழுதவில்லை. நம்மிடையே ஒரு புல்முடிச்சு கிடையாது. இது ரசனைத் தகராறு என்றால் ரசனை என்பதே சாவோடு சம்பந்தப்பட்டது என்றுதான் அர்த்தம்.

நான் மதிக்கிற மௌனம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மரத்தடியில் எந்தத் தெய்வம் என்று கேட்டபோது பெரியவர் சொல்லவில்லை. சிரித்துவிட்டு நடந்தார். தெரிந்தவன் சொல்லாமலிருப்பது அவனுடைய உரிமை. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டுவிட்டது. அன்று நாங்கள் போன மாதிரி இன்று யாரும் நினைத்தபடி காட்டுக்குள் போகமுடியாது, போகக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டில் எனக்குச் சம்மதம்தான். போகாமலே இருக்கலாம், எலிவாலாகவே பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. தெரியாதவன், தெரிந்து மறைக்கிறவனைப் போல் பாவனை செய்வதுதான் சகிக்கமுடியாதது.

கடைசியாக நம்மைப் பற்றி. இதைப் படிக்கிறவர்கள் ஒரு முந்நூறு பேர் இருக்கலாம். அநேகமாக எல்லோரும் எழுதுகிறவர்கள். நம் பத்திரிகைகளுக்கும் அறியப்படாத அருவிக்கும் உள்ள உறவு வெறும் விஷய உறவு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மை நாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காட்டுக்குள், யாரும் பார்க்காமல், தூய்மையாக விழுந்துகொண்டிருக்கிறோம். பார்க்கத் தகுதியுள்ளவன் நடந்து வருவான் என்று. அறியப்படாமையைத் தரத்தின் அத்தாட்சியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். பரவலாகப் படிக்கப்படுவதால் ஒன்று மட்டமாகிவிடாது, படிக்கப்படாததால் உயர்ந்தும்விடாது என்ற எளிய சங்கதியை, ஒருவரை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளக் கூசுகிறோம். அறியப்படாமை நம் கவிதையின் குணமல்ல; அதைப் பற்றி ஊர் சொல்லும் சேதி, அல்லது ஊரிடம் போகாத நம்மைப் பற்றிய சேதி.

மலைபடுகடாமே ஒரு காலத்தில் அறியப்படாததுதான். ஓலையில் கிடந்தது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். கண்டெடுத்த பரவசத்தை எழுதிவிட்டு ஏட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. நச்சினார்க்கினியர் உரையோடு, யாரென்று தெரியாத நமக்காகக் கோத்து வைத்துவிட்டுப் போனார். 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அவருடைய விமர்சனத்தோடு எனக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தக் கட்டு புல்முடிச்சு. அந்த மனிதரின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிற நாம், சந்தா கேட்டு ஒரு கடிதம் எழுதுவதைக்கூடக் கௌரவக் குறைவாக நினைக்கிறோம்.

அறியப்படாத என்ற சொல்லை ஐந்து வருஷம் யாரும் எழுதக்கூடாது என்று தீர்மானம் போட எனக்கு அதிகாரம் இல்லை. நான் எழுதப்போவதில்லை. 2011இல் விட்டுப்போனதில் ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே சேர்த்துவிட்டு முடிக்கிறேன். ஓடையில் இறங்கி நாங்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேல் வெயில் அடித்தது. பெரியவர் கரையில் குந்தியிருந்தார், பேசாமல், காது கொடுத்துக்கொண்டு. அவருக்கு ரசனை இல்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது இது:

"தண்ணிச் சத்தம் மாறுச்சுன்னா, என்ன ஏதுன்னு நின்னு பாக்கக்கூடாது தம்பி. மேல எங்கிட்டோ மழை பேஞ்சிருக்குன்னு அர்த்தம். எலை தழை மெதந்து வரும், தண்ணி கலங்கும். அதுக்கு முன்னாடியே கரை ஏறிரணும்."